அரிசி நாட்டாரும் கோதுமை ஆபத்தும்: கப்பல் பயணத்தில் குளூட்டன் இல்லா உணவு

2022 ஜூன் 4 அன்று ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகள் பயணத் திட்டத்தில் இருந்தன. சிங்கப்பூர் போனால்தான் கப்பல் சுற்றுலா என்றிருந்தது மாறி, காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டரிலேயே ஏறிக்கொள்ளலாம் என்றானது. முசரவாக்கம் போன்ற சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கும் கப்பல் டிக்கெட் இப்போது எட்டாத பேச்சில்லை. பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி ஒரு பயணம் போய்வரலாமா என்று பிள்ளைகள் விலை விசாரிக்கும் காலம் இது.

கப்பல் கட்டணத்தில் சாப்பாடும் அடக்கம். பெரும்பாலோருக்கு அது சலுகை. கோதுமை ஆகாதவருக்கு அதுவே சிக்கல். நடுக்கடலில் அடுத்த கடைக்குப் போக வழியில்லை. வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏறவும் சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் விடுவதில்லை. “நமக்கென்னப்பா, இட்லியும் சோறும் இருந்தா போதும்” என்று வீட்டில் பெரியவர்கள் தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியம் எவ்வளவு தூரம் செல்லும்? மருத்துவம், நம் சமையல், சட்டம், கப்பலின் சமையற்கூடம், இறங்கும் ஊர் என ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

நோய் எது, அளவு எவ்வளவு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதத் தொகுதியைக் குளூட்டன் என்கிறார்கள். பரோட்டா மாவை வீசும்போது அது அறுந்துபோகாமல் விரிவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர் குளூட்டன் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சிலருக்கு வயிற்றுப்போக்கும் உப்புசமும் வரும். வேறு சிலருக்கு வயிற்றில் எந்தத் தொல்லையும் தெரியாது. மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை, எலும்புத் தேய்வு, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு என்று வேறு வழியில் நோய் தலைகாட்டும்.

குற்றவாளி கோதுமைதான் என்று நிறுவியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45இல் அங்கே ரொட்டிப் பஞ்சம் ஏற்பட்டபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. அவருடைய ஆய்வேடு 1950இல் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்குவதுதான் இதற்கு வைத்தியம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் முறிக்க மருந்து கிடையாது.

சீலியாக்குடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. ஒன்று கோதுமை ஒவ்வாமை. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று உயிராபத்து வரைக்கும் போகக்கூடியது அது. இன்னொன்று, சீலியாக்கும் ஒவ்வாமையும் இல்லை என்று சோதனை சொன்ன பிறகும் கோதுமை சாப்பிட்டால் வயிறு சங்கடப்படும் நிலை. இந்த மூன்று நிலையினரும் கப்பலில் கேட்பது, இதில் கோதுமை இருக்கிறதா என்ற ஒரே கேள்வியைத்தான். ஆனால் பிழை நேர்ந்தால் மூவருக்கும் விளைவு வேறு. ஒவ்வாமைக்காரர் மருத்துவர் எழுதித் தந்த அவசர ஊசியுடன் ஏற வேண்டும். சீலியாக் உள்ளவருக்கு உடனே ஒன்றும் தெரியாமலேகூடக் குடல் சேதப்படலாம். “போன தடவை சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே” என்பது அவருக்கு ஆதாரமாகாது.

எவ்வளவு குளூட்டன் ஆபத்து? நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு 2007இல் வெளியானது. அந்த அளவே குடலைச் சேதப்படுத்தியது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாக ஏற்கும் எல்லை. ஒரு கிராம் மைதாவில் 80 முதல் 100 மில்லிகிராம் வரை குளூட்டன் இருக்கும். அப்படியென்றால் ஆபத்தான அளவு என்பது அரை கிராம் மைதா. அது சப்பாத்தி தேய்க்கும் பலகையில் ஒட்டியிருக்கும் மாவுதான்.

தென்னாட்டுக் கணக்கு

வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. அதற்குத் தலைமை வகித்தவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய குடல்நோய் வல்லுநர் பி.எஸ். ராமகிருஷ்ணா. சீலியாக்குக்கான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். இந்த நோய் வருவதற்குத் தேவையான மரபணு மட்டும் வடக்கிலும் தெற்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது: வடக்கில் 38.1, தெற்கில் 36.4 சதவீதம். பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

நம்மைக் காத்து வந்தது மரபணு இல்லை, அரிசிச் சோறு என்று இந்த எண்களைப் படிக்கத் தோன்றுகிறது. அந்தச் சோறு இப்போது இரவுத் தட்டிலிருந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை வியாதி என்றதும் ராத்திரிக்குச் சப்பாத்தி. நெடுஞ்சாலைக் கடைகளில் பரோட்டா. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், பிஸ்கட். ஆனாலும் தெற்கில் இந்த நோய் அரிது என்ற எண்ணம் நிலைத்திருப்பதால், மருத்துவரின் நினைவுக்கு அது கடைசியாகத்தான் வருகிறது. பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. தென்னிந்தியாவில் சத்து உறிஞ்சாத வயிற்றுப்போக்கு என்றாலே வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற வேறொரு குடல்நோய்தான் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. அதைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி, செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் வேலூரில் செய்த ஆய்வுகளால் கிடைத்தது. இரண்டு நோய்களின் அறிகுறிகளும் ஒன்றுபோலத் தெரியும். காரணமும் வைத்தியமும் வேறு.

எனவே சந்தேகம் உள்ளவர் முதலில் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடல் திசுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டுப் போனால் சோதனை முடிவு பொய்த்துவிடும்.

அரிசிச் சமையலில் ஒளிந்திருப்பது

தமிழ்ச் சமையலின் அடித்தளம் குளூட்டன் இல்லாதது. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை, உளுந்து வடை, அதிரசம், எள்ளுருண்டை என்று பட்டியல் நீளும். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியையே எடுத்துக்கொள்வோம். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேரும் பண்டம் அது. இதில் எங்கே கோதுமை இருக்கப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பெருங்காயம் சேர்த்தால் இருக்கக்கூடும். ஆப்கானிஸ்தானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் பெருங்காயப் பிசினை அப்படியே சமைக்க முடியாது; காரமும் வாடையும் தாங்காது. அதனால் கருவேலம் பிசினும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள். இந்தியச் சட்டமே இந்தக் கலப்பை அனுமதிக்கிறது. கலக்கும் மாவு அரிசியாகவும் இருக்கலாம், மைதாவாகவும் இருக்கலாம். கடையில் கிடைக்கும் கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் கோதுமை மாவு கலந்தவை ஏராளம்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கான சாம்பாரில் அரை கிராம் பெருங்காயம் போடுகிறோம். அதில் பாதி கோதுமை மாவு. ஒருவர் தட்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் குளூட்டன் வரும். அது எல்லைக்குள்தான். ஆனால் அதே இலையில் ரசம், மோர்க்குழம்பு, ஊறுகாய், கூட்டு எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கிறது. ஒரே சாப்பாட்டில் நாள் முழுவதற்குமான 10 மில்லிகிராம் தாண்டிப்போகிறது. அரிசி மாவில் கூட்டிய பெருங்காயமும் சந்தையில் உண்டு. உறையில் பொருள்பட்டியலைப் படித்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது இடம் மாவு மில். ஊரில் ஒரே மெஷினில் கோதுமையும் பச்சரிசியும் கேழ்வரகும் அரைபடும். கோதுமைக்கு அடுத்து அரிசி போட்டால், முதலில் வரும் மாவில் கோதுமை கலந்தே வரும். விவரம் தெரிந்த பெண்கள் காலையில் மெஷின் ஓட்டும்போதே போய், “அண்ணா, நேத்து கடைசியா என்ன அரைச்சீங்க?” என்று கேட்பார்கள். பிறகு ஒரு படி அரிசியைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கோலத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தங்கள் அரிசியைக் கொட்டச் சொல்வார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும். ஓட்டலில் சாதா தோசை வார்க்கும் கல்லிலேயே ரவா தோசையும் சப்பாத்தியும் விழும். மெதுவடை பொரியும் எண்ணெயில் சமோசாவும் மைதா போண்டாவும் பொரிந்திருக்கும். கல்யாண வீட்டில் இலையில் முதலில் வைப்பது ரவா கேசரியோ கோதுமை அல்வாவோ தான். பாயசம் சேமியாவாக இருக்கலாம். பஜ்ஜி மாவிலும் கடை முறுக்கிலும் மைதா சேர்ப்பவர்கள் உண்டு. காலிஃபிளவர் மஞ்சூரியனில் மைதாவும் சோயா சாஸும் இருக்கும். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே நொதிக்கவைக்கப்படுகிறது. உடம்புக்கு நல்லது என்று நீட்டும் மால்ட் பானங்களிலும் பார்லிக் கஞ்சியிலும் சத்துமாவிலும் இதே சிக்கல்.

கோயில் பிரசாதத்தில் இன்னொரு தர்மசங்கடம்: வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அதற்கு நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டால் எவரும் குறை நினைக்கப்போவதில்லை.

சட்டம் காப்பது எவ்வளவு

குளூட்டன் இல்லாதது என்று உறையில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008இல் திருத்திய வரம்பு இது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையமும் இதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் உறைக்குறிப்பு விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் அதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

சமைத்து விற்கும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடுகிறது. மத்திய உரிமம் பெற்றவையும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை நடத்துபவையும் ஒவ்வாமைப் பொருள் விவரத்தைத் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. காஞ்சிபுரம் காந்தி ரோட்டு மெஸ்ஸுக்கோ சத்திரத்துச் சமையலுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. நாடுவிட்டு நாடு போகும் கப்பலில் கரையைத் தாண்டிய பிறகு பயணிக்கு நடைமுறையில் துணை நிற்பது, அந்தக் கப்பல் நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட முறையும் முன்கூட்டி எழுதித் தந்த பதிலும்தான்.

கப்பலின் சமையற்கூடம்

வியப்பாக இருந்தாலும் உண்மை இது: முறையாக நடக்கும் சொகுசுக் கப்பல், கோதுமை ஆகாதவருக்குக் கல்யாணப் பந்தியை விடப் பாதுகாப்பான இடமாக இருக்க முடியும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எழுதிய செய்முறை இருக்கிறது. தலைமைச் சமையற்காரர் ஒருவர் பொறுப்பேற்கிறார். இன்று பரிமாறியவரே நாளையும் பரிமாறுவார். பெரிய சர்வதேசக் கப்பல் நிறுவனங்கள் பலவும், டிக்கெட் பதியும்போதோ புறப்படச் சில வாரங்களுக்கு முன்போ உணவுக் கட்டுப்பாட்டைத் தெரிவிக்கச் சொல்கின்றன. ஏறிய பிறகு, இரவுச் சாப்பாட்டின்போதே மறுநாள் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைத் தனியே சமைத்துத் தரும் வழக்கமும் இருக்கிறது.

இந்திய நிறுவனங்களால் இது முடியாது என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலின் நிறுவனம் ஜைன உணவு உண்டு என்று விளம்பரம் செய்கிறது. வெங்காயம், பூண்டு, கிழங்கு படாமல் தனிப் பாத்திரத்தில் சமைக்கத் தெரிந்த கூடத்துக்கு, கோதுமை படாமல் சமைப்பது புது வித்தை இல்லை. ஆனால் ஜைன உணவையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஜைனத் தட்டில் ரொட்டியும் பூரியும் தாராளமாக வரும்.

ஆபத்து மிகுந்த இடம் பஃபே. இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ரவா உப்புமா. இரண்டுக்கும் ஒரே கரண்டி மாறி மாறிப் போகும். ரொட்டித் துகள் சாலட் கிண்ணத்தில் விழுந்திருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் பொரிந்த எண்ணெயில் ரொட்டித்தூள் பூசிய கட்லெட்டும் பொரிந்திருக்கும். மேற்கத்திய சூப்பும் குழம்பும் கெட்டிப்பட மைதா சேர்ப்பது பொது வழக்கம். ஐஸ்கிரீம்கூடக் கோன் பட்ட கரண்டியால் எடுக்கப்பட்டதாக இருக்கும்.

அதிலும் முதல் நாள் மதியம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஏறியவர்கள் எல்லாரும் பசியோடு பஃபேக்குத்தான் போவார்கள். பரிமாறுபவருக்கு உங்களை இன்னும் தெரியாது. பதிந்த குறிப்பு சமையற்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. அந்த ஒரு வேளைக்குக் கையிலிருக்கும் பொட்டலமும் தோல் உரிக்கும் பழமும் போதும். சாயங்காலம் உணவுக்கூட மேலாளரைப் பார்த்துப் பேசிவிட்டு அவர் சொல்லும் மேசையில் உட்காரலாம்.

பேசும் முறையும் முக்கியம். குளூட்டன் என்ற சொல்லை மட்டும் சொன்னால் பலருக்கும் அது சர்க்கரை போலவோ கொழுப்பு போலவோ கேட்கும். நம் ஊர் மாஸ்டரிடம் மாவின் பெயரைச் சொல்ல வேண்டும்: “கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாதுங்க. பெருங்காயம் வேண்டாம். கல்லைக் கழுவிட்டு எனக்கு மட்டும் தனியா ஊத்துங்க.” பிறகு ஒரு கேள்வி: “இந்த எண்ணெயில வேற என்ன பொரிச்சீங்க?” பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பதார்த்தத்தை விட்டுவிடலாம். இதையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால், இந்தியர், பிலிப்பினோ, இந்தோனேசியர் என்று பலரும் வேலை செய்யும் கப்பலில் வேலை எளிதாகும்.

எல்லாக் கப்பலும் சொகுசுக் கப்பல் அல்ல. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பலில் ஏறத்தாழ அறுபது மணி நேரம் இருக்க வேண்டும். அங்கே கேன்டீன் சாப்பாடுதான். தனித் தட்டெல்லாம் எதிர்பார்ப்பதற்கில்லை. அதில் மூன்று நாளைக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோவதே வழி. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. சில மணி நேரப் பயணம்தான் என்பதால் ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதமே போதும்.

கரையில் இறங்கும்போது

கப்பலில் கட்டிக்காத்த பாதுகாப்பு கரையில் ஒரு வாய் உணவில் போய்விடும். இலங்கையும் அரிசி நாடுதான், தமிழும் பேசலாம் என்ற நம்பிக்கையோடு இறங்குபவர்கள் அங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திருகோணமலையில் 1980 முதல் இயங்கும் பிரீமா ஆலை, ஒரே வளாகத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மாவாலைகளுள் ஒன்று. பாண் எனப்படும் ரொட்டியும் ரோல்ஸும் கொத்து ரொட்டியும் அங்கே அன்றாட உணவு. யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவை அவித்து அரிசி மாவோடு கலந்து பிட்டும் இடியப்பமும் செய்யும் பழக்கம் பரவலாக உண்டு. நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும் இடியாப்பத்தை அங்கே கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். “தனி அரிசி மாவோ, கோதுமை மா கலந்ததோ?” என்ற ஒரு கேள்வி போதும். பனங்கிழங்கின் ஒடியல் மாவில் குளூட்டன் இல்லை. ஆனால் ஒடியல் கூழில் வேறென்ன சேர்ந்தது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். மீனும் நண்டும் சேர்வது வழக்கம் என்பதால் சைவர்களுக்கும் இது பொருந்தும்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகிறவர்களுக்குச் சோயா சாஸ்தான் முதல் எச்சரிக்கை. சோறு அரிசிதான், அதன்மேல் ஊற்றும் கருப்புச் சாறு கோதுமை. விமானத்தில் போய்க் கப்பல் ஏறுபவர்கள் ‘ஜி.எஃப்.எம்.எல்.’ என்ற குறியீட்டில் குளூட்டன் இல்லாத தட்டு கேட்கலாம். விமான நிறுவனங்களுக்குப் பொதுவான குறியீடு அது. சேவை உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூட்டையில் என்ன கட்டுவது

புளியோதரை கட்டிக்கொண்டு ரயிலேறுவது நம் வழக்கம். சொகுசுக் கப்பலில் அது நடக்காது. சமைத்த உணவைக் கொண்டுவரக் கூடாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. தீ விபத்துக்கு அஞ்சி, ரைஸ் குக்கர், மின் அடுப்பு போன்றவற்றைப் பயணப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுவார்கள். உறை பிரிக்காத பொட்டலங்களுக்குத்தான் பொதுவாக அனுமதி. அதையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. கரையிறங்கும்போது பழமோ விதையோ கொண்டுபோக அந்தந்த நாட்டுத் தடைகளும் உண்டு.

இதற்காக விலை உயர்ந்த வெளிநாட்டு ரொட்டி எதுவும் தேவையில்லை. உறையிட்ட அவலும் வெந்நீரும் இருந்தால் ஒரு வேளை உணவு ஆயிற்று. தயிர் கிடைத்தால் இன்னும் நல்லது. பொரி, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் எல்லாம் நாலு நாள் தாங்கும். அவற்றின் உறையிலும் கோதுமை பதப்படுத்தும் ஆலையில் தயாரித்தது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்ஸை மட்டும் எடுக்காதீர்கள். ஓட்ஸ் தனியாகக் குளூட்டன் இல்லாததாக விளைந்தாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவது சகஜம். சான்று பெற்ற ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவரின் கடிதம் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

எங்கே கருத்து மாறுபடுகிறது

20 மில்லிகிராம் வரம்பே தளர்வானது என்போர் உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதைவிடக் கடுமையாக, குளூட்டன் கண்டறியப்படவே கூடாது என்று வைத்திருக்கின்றன. உணவில் குளூட்டன் இருக்கிறதா என்று மேசையிலேயே பார்க்கும் கைக்கருவிகள் வந்தன. எடுத்த துணுக்கில் இல்லை என்பதால் தட்டு முழுவதிலும் இல்லை என்று ஆகாது. சோயா சாஸ், பீர் போன்ற நொதித்தவற்றில் அவை ஏமாறக்கூடும். குளூட்டனைச் செரிக்கவைக்கும் என்று விற்கும் மாத்திரைகள் சீலியாக் உள்ளவருக்குப் பாதுகாப்பு தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. நோயே இல்லாதவர்கள் உடல் இளைக்கும் என்று நம்பிக் கோதுமையை விடுவதால் தனிப் பலன் உண்டு என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. அவர்கள் இரண்டு நாள் கழித்து அதே மேசையில் பரோட்டா வாங்கும்போது, பரிமாறுபவர் அடுத்து வரும் உண்மையான நோயாளியின் சொல்லையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார். இந்தக் கேடு சிறியதல்ல.

முடிவாக

அரிசி நாட்டில் பிறந்தது ஒரு பெரிய வசதி. நமக்குத் தெரிந்த பதார்த்தங்களில் பாதிக்கு மேல் இயல்பிலேயே கோதுமை இல்லாதவை. ஆனால் அந்த வசதி பொருளோடு நின்றுவிடுகிறது. கல், கரண்டி, எண்ணெய், மில், பெருங்காயம் வரை அது போவதில்லை. கப்பலில் நிலைமை தலைகீழ். பொருள் அந்நியம், முறை ஒழுங்கு. இட்லி எது, ரவா இட்லி எது என்று தெரிந்த நம் அறிவையும், எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் தரும் கப்பலின் ஒழுங்கையும் சேர்த்துக்கொண்டவர் நிம்மதியாகப் போய்வரலாம். ஒன்றை மட்டும் நம்பி ஏறினால் ஆபத்து.

கப்பல் நிறுவனங்களும், கோயில் பிரசாதக் கடைகளும், ஊர் ஓட்டல்களும் செய்ய வேண்டியது ஒரு சின்ன வேலை: எதில் கோதுமை சேர்கிறது, பெருங்காயம் எந்த மாவில் கூட்டியது என்று ஒரு பலகையில் எழுதி வைப்பது. பயணிக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் உங்கள் நோயைச் சொல்லிக் கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் வராத கப்பலில் டிக்கெட் எடுக்காதீர்கள்.